731 டிசம்பர் 18: ஒரு தேதியின் கணக்கு

டிஸ்கி: இது பக்திப் பதிவும் இல்லை, பகுத்தறிவுப் பதிவும் இல்லை. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வானம், கொஞ்சம் புள்ளியியல். நடுவில் பருத்தியும் வரும். பால்கோவா வராது, மன்னிக்கவும்.

ஆண்டாள் எந்தக் காலம்னு ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டால் ரெண்டு பதில் கிடைக்கும். வீட்டுப் பெரியவங்க சொல்வது, கலியுகம் பிறந்து 98ஆம் வருஷம், நள வருஷம், ஆடிப் பூரம். கலியுகக் கணக்கை நேர்ப்படுத்தினால் அது கி.மு. 3000 பக்கம் போய் நிற்கும். இன்னொரு பதில் படிச்சவங்க சொல்வது: "கி.பி. 731, டிசம்பர் 18. வானசாஸ்திரப்படி நிரூபிச்சாச்சு." இந்த ரெண்டாவது பதில் அத்தனை புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் இருக்கிறது. நாள் உட்பட. எட்டாம் நூற்றாண்டு ஆள் ஒருத்தருக்கு இத்தனை துல்லியமாகத் தேதி கிடைப்பது தமிழ் இலக்கியத்தில் அபூர்வம்.

எனக்கு ஊர் ராஜபாளையம். வில்லிபுத்தூர் (எங்க பக்கம் இப்படித்தான் சொல்வோம்) பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதனால் இந்தத் தேதி சின்ன வயசிலிருந்தே காதில் விழுந்த ஒன்று. அந்தத் தேதிக்கு ஆதாரம் என்ன, அது எவ்வளவு கனம் தாங்கும் என்பதுதான் இங்கே விஷயம்.

ஆதாரம் திருப்பாவை 13ஆம் பாசுரத்தில் ஒரு வரி. தூங்கிக்கிட்டிருக்கிற தோழியை எழுப்பும்போது, வெள்ளி கிளம்பியாச்சு, வியாழன் மறைஞ்சாச்சு, இன்னுமா தூக்கம்னு சொல்கிற இடம். முதல் பாசுரத்தில் மார்கழி, முழுநிலா ரெண்டும் சொல்லப்படுகிறது. ஆக, மார்கழிப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு விடியலில், கிழக்கே வெள்ளி எழும் நேரமும் மேற்கே வியாழன் இறங்கும் நேரமும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். கிரகங்கள் போகும் பாதை தெரியும் என்பதால், எந்த வருஷம் அப்படி நடந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். 1920களில் மு. இராகவையங்கார் 'ஆழ்வார்கள் காலநிலை' என்ற நூலில் இந்த வழியில் போய் வைத்த தேதிதான் 731 டிசம்பர் 18.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தேதியில் வானம் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. சராசரி வேகங்களை வைத்து நானே ஒரு சனிக்கிழமை மதியம் போட்டுப் பார்த்தேன். அன்றைக்குப் பௌர்ணமி. வெள்ளி சூரியனுக்கு மேற்கே 40 டிகிரிக்கு மேல் விலகி நிற்கிறது. அதாவது சூரிய உதயத்துக்குக் கிட்டத்தட்ட மூணு மணி நேரம் முன்னாலேயே எழுந்துவிடும். வியாழன் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். ரெண்டுக்கும் நடுவில் அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. கால்குலேட்டர்கூட இல்லாத காலத்தில் இதைப் பிடித்திருக்கிறார்கள் என்றால் தொப்பியைக் கழற்ற வேண்டியதுதான் (தலைப்பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள்).

எனவே கணக்குச் சரி. கேள்வி வேறு. அந்தக் கணக்கு எத்தனை வருஷங்களுக்குச் சரியாக வரும்?

இங்கேதான் புள்ளியியலில் 'மல்டிபிள் கம்பாரிசன்ஸ்' என்று சொல்கிற சமாசாரம் வருகிறது. தமிழில் பல ஒப்பீட்டுச் சிக்கல் எனலாம். பெயர்தான் பெரிசு, நம்ம வீட்டுக் கல்யாணப் பேச்சில் தினமும் நடப்பதுதான். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்தி வருவது, ஒரு பேச்சுக்கு, இருபதில் ஒரு ஜாதகத்துக்குத்தான் நடக்கும் என்று வையுங்கள். ஒரே ஒரு பையன் வீட்டில் கேட்டு, ஒரே ஒரு ஜாதகம் வாங்கி, அதில் ஒன்பது பொருந்தினால் அது ஆச்சரியம். தரகர் ஒரு பை நிறைய ஜாதகம் கொண்டுவந்து அதில் ஒன்று ஒன்பது பொருந்தினால்? இருபது ஜாதகம் பார்த்தால் ஒன்றாவது அப்படி அமைய 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 'தெய்வ சங்கல்பம்' என்று தரகர் சொல்வார். அவர் பையில் எத்தனை இருந்தது என்று கேட்பதுதான் நம்ம வேலை.

ஆராய்ச்சியிலும் இதேதான். இருபதில் ஒரு தடவை தற்செயலாக நடக்கக்கூடியதைத் தாண்டினால் 'குறிப்பிடத்தக்க முடிவு' என்பது பழைய வழக்கம். ஒரே ஒரு சோதனைக்கு அது நியாயம். இருபது சோதனை பண்ணி, தேறியதை மட்டும் கட்டுரையாக எழுதினால் அது தரகர் வேலை. எங்க துறையிலும் உண்டு. ஒரு பட்டனின் நிறத்தை மாற்றிவிட்டு, இருபது அளவைகளைப் பார்த்து, அதில் ஏறியிருக்கிற ஒன்றை மட்டும் ஸ்லைடில் போடுவது. செய்யாத டீம் இருந்தால் சொல்லுங்கள், ரெஸ்யூமே அனுப்புகிறேன் :-)

இதற்கு முதல் மருந்து, சோதனைகளின் எண்ணிக்கையால் வரம்பை வகுத்துவிடுவது. இருபது சோதனை என்றால் ஒவ்வொன்றும் 0.05 இல்லை, 0.0025ஐத் தாண்ட வேண்டும். இத்தாலியரான பொன்ஃபெரோனி 1936இல் எழுதிய சமனிலிகளிலிருந்து வந்த வழி. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஆலிவ் ஜீன் டன், 1961இல். நடுவில் 1953இல் டூக்கி ஒரு வழி சொன்னார். அதே 1953இல் நம்ம கல்கத்தாக்காரர்கள் எஸ். என். ராய், ஆர். சி. போஸ் ரெண்டு பேரும், பல ஒப்பீடுகளுக்குச் சேர்த்து ஒரே நம்பிக்கை எல்லை போடுவதைப் பற்றி முக்கியமான கட்டுரை எழுதினார்கள். பிறகு 1995இல் பெஞ்சமினி, ஹோக்பெர்க். பல சோதனைகளை ஒரே நேரத்தில் பார்க்கிறவர்களுக்குப் பொன்ஃபெரோனி ரொம்பக் கறார் என்பதால், 'தேறியவற்றில் எத்தனை சதவீதம் போலி' என்பதைக் கட்டுப்படுத்தும் வழியைச் சொன்னவர்கள் இவர்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். பொன்ஃபெரோனி எழுதிய அதே 1936இல்தான் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். மகலனோபிஸ் தன் பெயரில் இன்றும் வழங்கும் தூர அளவையை வெளியிட்டதும் 1936. என்ன ஒரு பொருத்தம்! பொருத்தமே இல்லை. ஒரு வருஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ச் சம்பவங்களையும் உலகச் சம்பவங்களையும் துழாவினால் ரெண்டு மூணு அகப்படத்தான் செய்யும்.

சரி, வானத்துக்குத் திரும்புவோம்.

வெள்ளி எழும் நேரத்தில் வியாழன் மறைய வேண்டுமானால் ரெண்டும் வானத்தில் 180 டிகிரி எதிரெதிராக இருக்க வேண்டும். வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் நகராது. அதோடு கூடவே வருஷத்துக்கு ஒரு சுற்று வந்துவிடும். வியாழனோ ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வருஷம் எடுக்கிற சோம்பேறி. ஆகவே இந்த எதிரெதிர் அமைப்பு ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். பாதித் தடவை வெள்ளி மாலை நட்சத்திரமாக இருக்கும், அது நமக்கு ஆகாது. மீதிப் பாதி விடியலில். அது மார்கழி மாதத்தில் விழ பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. பெருக்கிப் பார்த்தால் சுமார் 25 வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு மார்கழி நாளில் இது நடக்கிறது. 600க்கும் 900க்கும் நடுவில் மட்டும் ஒரு டஜன்.

பௌர்ணமி வேண்டும் என்று கறாராக நின்றால் குறையும். மார்கழிப் பௌர்ணமி அன்று, ரெண்டுக்கும் அரை மணி நேரத்துக்குள் வித்தியாசம் என்று வைத்தால், தோராயமாக 70 வருஷத்துக்கு ஒன்று. கொஞ்சம் தளர்த்தி, ஒன்றரை மணி நேரம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்றால் மறுபடி 25 வருஷத்துக்கு ஒன்று. பாட்டில் கடிகாரம் இல்லை. ஒருத்தர் எழுந்தாச்சு, ஒருத்தர் படுத்தாச்சு என்றுதான் இருக்கிறது. ரெண்டும் ஒரே நிமிஷம் நடந்தது என்று அர்த்தமா, வியாழன் எப்பவோ போய்விட்டது என்று அர்த்தமா? படிக்கிறவர் இஷ்டம்.

கறாரான விதிப்படி தேடியதில் என் கையில் அகப்பட்டவை நாலு: 707 டிசம்பர் 14, 731 டிசம்பர் 18, 885 நவம்பர் 25, 909 நவம்பர் 30, இவற்றை ஒட்டிய பௌர்ணமிகள் (நாள் ஒன்று முன்னே பின்னே இருக்கலாம்). நவம்பர் எப்படி மார்கழி ஆகும்னு கேட்காதீங்க. அப்போதைய ஜூலியன் நாட்காட்டியில், அந்த நூற்றாண்டுகளில் மார்கழி பிறந்தது நவம்பர் 20 சொச்சத்தில்தான். நாலும் மார்கழிக்குள் வருகின்றன. நாலிலும் வெள்ளி எழுவதற்கும் வியாழன் விழுவதற்கும் நடுவில் அரை மணிக்கு மேல் போகவில்லை. கறாராகப் பார்த்தால் 707, 885 ரெண்டும் 731ஐ விட இன்னும் நெருக்கமாகவே பொருந்துகின்றன.

707க்கும் 731க்கும் 24 வருஷம். 885க்கும் 909க்கும் 24 வருஷம். இதில் மாயம் ஒன்றுமில்லை. வெள்ளி 8 வருஷத்துக்கு ஒருமுறை அதே நாளில் அதே இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். வியாழனுக்கு 12 வருஷம். ரெண்டுக்கும் மீ.சி.ம. 24. போதாக்குறைக்கு, 297 பௌர்ணமிகள் சேர்ந்தால் 24 வருஷமும் நாலரை நாளும். மூன்று பேரும் 24 வருஷத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பழைய இடத்தில் கூடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறார்கள். அடுத்த கூடுதல் 755. அங்கே இடைவெளி ஒரு மணி நேரமாகிறது, பௌர்ணமியும் மார்கழி விளிம்பைத் தாண்டப் பார்க்கிறது. அத்தோடு அந்த வரிசை தேய்ந்துவிடும்.

இப்போது எண்ணிப் பார்க்கலாம். 70 வருஷத்துக்கு ஒன்று என்றால், 700 முதல் 910 வரை 210 வருஷத்தில் தற்செயலாகவே மூன்று எதிர்பார்க்கலாம். கிடைத்தது நாலு. அதாவது பாட்டில் அந்த வரி நிஜமாகப் பார்த்து எழுதியதாக இருந்தாலும், விடியலைச் சொல்லும் ஒரு பேச்சு வழக்காக இருந்தாலும், நாம் தேடினால் இதே மாதிரித்தான் தேதிகள் அகப்படும். வேறு ஏதாவது ஆதாரம், உதாரணமாக ஒரு கல்வெட்டு, முன்கூட்டியே '731' என்று சொல்லியிருந்து, அதன் பிறகு நாம் வானத்தைப் பார்த்து அது பொருந்தியிருந்தால் கதையே வேறு. எழுபதில் ஒன்று, நல்ல கனமான சாட்சி. அதே எழுபதில் ஒன்றை, 210 வருஷம் துழாவி எடுத்தால் அதற்குக் கனமே இல்லை. வானம் மாறவில்லை, கணக்கு மாறவில்லை. கேட்ட வரிசைதான் மாறியிருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கணும். அதே 13ஆம் பாசுரத்தில் பறவைகள் சத்தமிடுவதும் வருகிறது. 731இல் வெள்ளி எழுவது விடியற்காலை நாலு மணிக்கும் முன்னால். 885இல் அஞ்சு மணி வாக்கில். அஞ்சு மணிதானே பறவைகளுக்கு ஏற்ற நேரம், அப்போ 885தான் சரி என்று ஒருவர் அடித்துப் பேசலாம். பேச நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் 'பறவை விதி' தேதிகளைப் பார்த்த பிறகு பிறந்தது. 731 பிடித்தவர், கூட்டமாக எழுப்பிக்கொண்டு போய் ஆற்றில் குளிக்க வேண்டுமே, நாலு மணிதான் சரி என்பார். விதி எப்போது எழுதப்பட்டது என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது. விடையைப் பார்த்துவிட்டு எழுதின ஒவ்வொரு விதியும் பையில் இன்னொரு ஜாதகம்.

இது ஆண்டாளோடு நிற்கவில்லை. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை என்று ஒரு மனிதர் இருந்தார் (1865-1925). சென்னை மாகாண சட்டசபைத் தலைவராகக்கூட இருந்தவர். 1922இல் வந்த அவருடைய 'இந்தியன் எபிமெரிஸ்', 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி, நட்சத்திரம் போட்டுக் கொடுத்தது. கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். அவர்தான் சிலப்பதிகாரத்து மதுரை எரிந்த நாளை 756 ஜூலை 23 என்று கணித்தார். நூலில் உள்ள குறிப்பு ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை. 756 ஜூலை 23 வெள்ளிக்கிழமைதான், சந்தேகமே இல்லை. நாலு நிபந்தனை சேர்ந்து பொருந்துகிறது என்றதும் நமக்குப் புல்லரிக்கும். ஆனால் நாலும் தனித்தனி நிபந்தனைகள் இல்லை. ஆடியில் தேய்பிறை அட்டமியன்று சந்திரன் மேஷத்திலோ அதைத் தாண்டியோதான் இருந்தாக வேண்டும்; கார்த்திகை அங்கேயேதான் இருக்கிறது. அதனால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை திதியும் நட்சத்திரமும் தானாகவே சேரும். அது வெள்ளிக்கிழமையாக இருக்க ஏழில் ஒன்று. ஆக 25, 30 வருஷத்துக்கு ஒரு தேதி. ஆயிரம் வருஷம் தேடினால் முப்பது நாற்பது 'மதுரை எரிந்த நாள்' கிடைக்கும். அதனால்தான் சிலம்புக்கு ரெண்டாம் நூற்றாண்டில் வானியல் தேதி சொன்னவர்களும் இருக்கிறார்கள், எட்டாம் நூற்றாண்டில் சொன்னவர்களும் இருக்கிறார்கள். ரெண்டு பக்கமும் கணக்குச் சரி. ரெண்டு பக்கமும் ஜெயித்த மாதிரி தோன்றுகிறது.

கல்வெட்டில் இதே எபிமெரிஸ் ஏன் நன்றாக வேலை செய்கிறது? கல்வெட்டில் அரசன் பெயர் இருக்கும், ஆட்சியாண்டு இருக்கும், அப்புறம்தான் கிழமை, திதி, நட்சத்திரம். தேட வேண்டிய பரப்பு ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கிறது. பத்து வருஷத்துக்குள் 28இல் ஒன்று பொருந்தினால் அது பேசும். ஆயிரம் வருஷத்துக்குள் பொருந்தினால் பேசாது.

'அப்போ ஆண்டாளுக்கும் அரசனை வைத்துச் சுருக்கலாமே?' நியாயமான கேள்வி. இராகவையங்காரும் நட்சத்திரத்தை மட்டும் நம்பியவர் அல்ல. பெரியாழ்வார் தன் பாசுரத்தில் நெடுமாறன் என்ற பாண்டியனைச் சொல்கிறார். குருபரம்பரைக் கதையில் வல்லபதேவன் என்ற பாண்டியன் பொற்கிழி கட்டுகிறான், செல்வநம்பி வருகிறார். ரெண்டு பெயர் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர்களையும் எண்ணிப் பார்க்கணும். முற்காலப் பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்று மாற்றி மாற்றிப் பட்டம் சூட்டிக்கொண்டவர்கள். எனவே 'மாறன்' என்ற அடையாளம் பாதி அரசர்களுக்குப் பொருந்தும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம்ம ஊர்ப் பழக்கம்தான், ரேஷன் கார்டில் மட்டும்தான் குழப்பம் வரும் என்று நினைத்தால் சரித்திரத்திலும் வருகிறது.

வரிசையாகப் பார்த்தால் மூன்று பேர் தேறுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டுக் கடைசியில் அரிகேசரி மாறவர்மன், சைவ மரபு நின்றசீர் நெடுமாறன் என்று கொண்டாடுபவன். 730, 765க்கு நடுவில் மாறவர்மன் ராஜசிம்மன். 815 முதல் 862 வரை ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன். இப்போ மேலே உள்ள தேதிகளைப் பக்கத்தில் வையுங்கள். அரிகேசரிக்கு அடுத்தாற்போல 707. ராஜசிம்மனுக்கு 731. ஸ்ரீவல்லபன் காலத்தில் பெரியாழ்வார் என்றால் வளர்த்த மகளுக்கு 885 ஒத்துவரும். ஆளுக்கு ஒரு தேதி! எந்த அரசனைப் பிடித்தாலும் வானம் 'ஆமாம்' என்று தலையாட்டுகிறது. எல்லாருக்கும் தலையாட்டும் சாட்சியை வக்கீல்கள் கூண்டில் ஏற்ற மாட்டார்கள்.

இதையும் எண்ணாக்கிவிடலாம். ஒரு அரசனைச் சுற்றி 50 வருஷ ஜன்னல் என்று வைத்தால், கறாரான விதிப்படி அதற்குள் ஒரு தேதியாவது தற்செயலாக விழ ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாணயம் சுண்டுவது போல. தளர்ந்த விதி என்றால் 87 சதவீதம். மூன்று அரசர்களை வைத்துக்கொண்டு, யாராவது ஒருவருக்குக் கறாரான விதி பொருந்தினால் போதும் என்றாலும் 87 சதவீதம்தான்.

இப்போது பருத்தி. வில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. எஸ்விபிஆர் என்று ஆரம்பிக்கும் பருத்தி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. ஊர்ப் பெயரின் சுருக்கம்தான் அது. 1990களில் வந்த எஸ்விபிஆர் 2 பேர் வாங்கின ரகம். ஒரு பக்கம் ராஜபாளையத்து நூற்பு மில்கள், இன்னொரு பக்கம் கரிசல் நிலம், நடுவில் இந்த நிலையம்.

புது ரகம் கண்டுபிடிப்பது என்பது அப்பட்டமான பல ஒப்பீட்டுச் சிக்கல். இருபது ரகங்களைப் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் விதைக்கிறீர்கள். ரெண்டு ரெண்டாக ஒப்பிட்டால் 190 ஜோடி. எல்லா ரகமும் உண்மையில் ஒரே மகசூல் தருவதாக இருந்தாலும், இருபதில் ஒன்று என்ற அளவுகோலில் ஒன்பது பத்து ஜோடிகளாவது 'வித்தியாசம் இருக்கு' என்று காட்டும். முதலில் வந்த ரகம் நல்ல ரகமாக இருக்கலாம், நல்ல பாத்தியில் விழுந்த ரகமாகவும் இருக்கலாம். தண்ணி வாய்க்கால் பக்கத்தில் இருந்த பாத்தியா என்று பார்க்கணும்.

நம்ம நாட்டு வேளாண் ஆராய்ச்சியாளர்களுக்கு இது பழைய பாடம். இந்தூரில் பருத்தி ஆராய்ச்சியில் இருந்த வி. ஜி. பான்சேயும், பி. வி. சுகாத்மேயும் சேர்ந்து 1954இல் எழுதிய வேளாண் புள்ளியியல் புத்தகம் பல தலைமுறைக்குப் பாடநூல். 'சி.டி.' என்று சொல்கிற ஒரு வித்தியாச வரம்பு இல்லாத வேளாண் ஆய்வேடு இந்தியாவில் கிடையாது. டங்கன் 1955இல் சொன்ன சோதனையும் அங்கே ரொம்பப் பிரபலம். ரகங்களுக்குப் பக்கத்தில் குட்டி குட்டியாக எழுத்து போட்டிருப்பார்களே, அதுதான். அது கொஞ்சம் இளகிய மனசுக்காரச் சோதனை என்று புள்ளியியல்காரர்கள் முணுமுணுப்பதும் உண்டு.

ஆனால் பருத்தியில் உண்மையான காவல் இந்தச் சூத்திரங்கள் அல்ல. முதல் வருஷம் முதலில் வந்ததற்காக ஒரு ரகத்தை வெளியிட மாட்டார்கள். அடுத்த பருவம் மறுபடி விதைக்கணும். வேறு ஊர்களில் விதைக்கணும். அப்புறம் விவசாயிகள் நிலத்தில். ஒவ்வொரு தடவையும் புதுசாக வந்த எண்களோடு, ஏற்கெனவே வழக்கத்திலுள்ள ரகத்தைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடணும். தற்செயலாக ஜெயித்த ரகம் ரெண்டாவது வருஷமே கீழே இறங்கிவிடும். இதில் தப்பித்து வருவதற்குத்தான் ஊர்ப் பெயரும் எண்ணும் கிடைக்கிறது.

சரித்திரத்தில் அடுத்த பருவம் கிடையாது. 731ஐ மறுபடி விதைக்க முடியாது. அதனால் வரலாற்று ஆய்வாளருக்குப் பாக்கி இருப்பது ரெண்டே வழி. ஒன்று, வானத்தைப் பார்க்கும் முன்பே விதியை எழுதி வைப்பது: பௌர்ணமியா இல்லையா, அரை மணியா ஒன்றரை மணியா, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம். பிறகு பொருந்தியதை மட்டுமல்ல, பொருந்திய எல்லாவற்றையும் வெளியிடுவது. ரெண்டு, வானத்தோடு சம்பந்தமே இல்லாத சாட்சி. மொழி, யாப்பு, யாரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள், கோயில் கல்வெட்டில் எப்போது முதன்முதலாகப் பெயர் வருகிறது. இவை வருஷம் சொல்லாது, நூற்றாண்டு சொல்லும். எட்டா ஒன்பதா என்று இவை தீர்த்துவிட்டால், அப்புறம் வானத்தைக் கேட்கலாம். எட்டு என்று தீர்ந்தால்கூட 707ம் 731ம் பாக்கி இருக்கும், கூட்டணி ஆட்சிதான்.

சிலர் இதைப் படித்துவிட்டு 'அப்போ 731 பொய்யா' என்று ஆரம்பிப்பார்கள். பொய் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நாலில் ஒன்றாக அது கௌரவமாக நிற்கிறது. 'நிரூபிச்சாச்சு' என்ற வார்த்தையைத்தான் எடுக்கச் சொல்கிறேன். அந்த வார்த்தை போனால் ஆண்டாளுக்கு ஒரு குறையும் இல்லை. தேதியே தெரியாமல் ஆயிரம் வருஷம் மார்கழி விடியலில் பாடிக்கொண்டிருந்த ஊர் இது. நஷ்டம் வேறு இடத்தில் வரும். ஆண்டாள் 731 என்றால் பெரியாழ்வார் இந்தக் காலம், அவர் இந்தக் காலம் என்றால் அந்தப் பாண்டியன் இவன், அவன் இவன் என்றால் இன்னொரு ஆழ்வார் இதற்குப் பின்... என்று ஒரு தேதியின் தோளில் ஒரு நூற்றாண்டையே ஏற்றிவைக்கிறோம். கீழே இருப்பவர் நாலில் ஒருவர் என்பது மேலே ஏறினவர்களுக்குத் தெரியாது. பாடப் புத்தகம் வரும்போது 'ஏறத்தாழ'கூட உதிர்ந்துவிடுகிறது.

விருப்பமுள்ளவர்கள் ஒன்று செய்யலாம். கம்ப்யூட்டரில் வானத்தைக் காட்டும் இலவச மென்பொருட்கள் நிறைய இருக்கின்றன. 600 முதல் 1000 வரை, ஒவ்வொரு மார்கழிப் பௌர்ணமி விடியலையும் வில்லிபுத்தூர் அட்சரேகையில் ஓட்டிப் பாருங்கள். என்னுடையது சராசரி வேகக் கணக்கு, சில நிமிஷங்கள் இப்படி அப்படி இருக்கும். மென்பொருள் அதைச் சரிசெய்யும். விதி நான் மேலே சொன்னதுதான்: பௌர்ணமி, சூரிய உதயத்துக்கு முன், அரை மணி நேரத்துக்குள். ஓட்ட ஆரம்பித்த பிறகு விதியை மாற்றக் கூடாது. முழுப் பட்டியலையும் பின்னூட்டத்தில் போடுங்கள், பொருந்தாமல் மயிரிழையில் தவறின வருஷங்களையும் சேர்த்து.